தொண்ணூற்றுக்கு முப்பத்தாறு

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "பெரியவர்களானதும் என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கலெக்டர், டாக்டர், போலீஸ் என்று வரிசையாக வந்து விழும். "சரி, இன்று மாலை வீட்டுக்குப் போனதும் என்ன படிக்கப் போகிறீர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் வகுப்பு அமைதியாகும். பெரிய ஆசை வைத்திருக்கும் பிள்ளையிடம் நான் ஒருநாளும் அதைத் தட்டிப் பேசமாட்டேன். அந்த ஆசை அவர்களுக்கு வேண்டும். ஆனால் கலெக்டர் ஆக இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. இன்றைய மாலையில் கையில் இருப்பது இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஓர் இலக்கை வைத்துக்கொள்ளவும் அதை எட்டவும் பிள்ளைகளை எப்படிப் பழக்குவது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் தோட்டக் கூலிக்குப் போகிறவர்கள். சிலர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார்கள். கொஞ்சம் பேர் சொந்தமாக முருங்கையோ வெங்காயமோ போட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் ஆண்டுதோறும் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். பெயர் நீளம் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அது என்.எம்.எம்.எஸ்.தான்.

2008-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது. தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதாவது மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். நான்கு ஆண்டுகளில் 48,000. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வு ஒரே நாளில் இரண்டு தாள்: காலை மனத்திறன் தேர்வு, 90 கேள்விகள், 90 நிமிடம், சிறிது இடைவேளை விட்டு படிப்பறிவுத் தேர்வு, அதுவும் 90 கேள்விகள், 90 நிமிடம். இரண்டாம் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. இரண்டு தாளையும் சேர்த்து 40 விழுக்காடு, அதாவது தாளுக்கு 90-க்கு 36 வீதம் எடுத்தால்தான் தகுதி. பட்டியலினப் பிள்ளைகளுக்கும் பழங்குடியினப் பிள்ளைகளுக்கும் 32 விழுக்காடு. தகுதி பெற்றவர்களிலிருந்து மதிப்பெண் வரிசைப்படி தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் 6,695 இடங்கள். அவை மாவட்ட வாரியாக, இட ஒதுக்கீட்டின்படி பிரிக்கப்படும்.

இந்த விவரங்களையெல்லாம் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். உதவித்தொகைத் தேர்வு என்றால் என்னவென்று தெரியாமலேயே "நீ பாஸ் ஆகவேண்டும்" என்ற சொல்லை மட்டும் சுமந்துகொண்டு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். எத்தனை கேள்வி, எவ்வளவு நேரம், எத்தனை இடம் என்று தெரியாத ஒன்றை யாராலும் இலக்காக வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்து, பாடம் நடத்துவதற்கு முன்பே ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்து எழுதச் சொல்கிறேன். கிணற்றின் ஆழம் பார்க்காமல் கயிறு வாங்க முடியாது. பல பள்ளிகளில் இதைக் கடைசி மாதத்தில் வைக்கிறார்கள். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். மதிப்பெண்ணை உரக்க வாசித்தால் பயப்படத்தான் செய்வார்கள். நான் வாசிப்பதில்லை. தாள் அவரவர் கைக்குப் போகும், அவ்வளவுதான்.

அந்தத் தாளில் விடையை எழுதும்போதே ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் ஒரு குறி போடச் சொல்வேன். நன்றாகத் தெரிந்து எழுதினால் 'தெ'. இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறி எழுதினால் 'ச', அதாவது சந்தேகம். கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் 'கு', குருட்டடி. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே 90 கேள்விக்கும் குருட்டடி அடித்தாலே சராசரியாக இருபத்திரண்டு, இருபத்துமூன்று வந்துவிடும். 25 வாங்கிய பிள்ளை "இன்னும் பதினொன்றுதான், எட்டிவிடலாம்" என்று நினைத்துக்கொள்வான். உண்மையில் அவன் இன்னும் தொடங்கவே இல்லை. ஓரத்தில் போட்ட குறிதான் அந்த உண்மையைச் சொல்லும்.

ஒரு பையனின் தாள் நன்றாக நினைவிருக்கிறது. மொத்தம் 27. 'தெ' போட்டவை ஒன்பது. அவற்றில் எட்டு சரி. 'ச' பதினொன்று, நான்கு சரி. மீதி எழுபதும் குருட்டடி, பதினைந்து சரி. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "தம்பி, 36 வேண்டும், உன்னிடம் 27 இருக்கிறது. எத்தனை கேள்வி புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டேன். "ஒன்பது டீச்சர்" என்றான். குருட்டடியில் நான்குக்கு ஒன்று ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கிறதே, அதைக் கழிக்க வேண்டாமா என்றேன். சிலேட்டில் போடுவதுபோல் விரலால் பெஞ்சில் எழுதிப் பார்த்தான். பன்னிரண்டு கேள்விகளைக் குருட்டடியிலிருந்து 'தெரிந்தது' பக்கம் கொண்டுவந்தால், அவற்றில் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்த மூன்று போக ஒன்பது கூடும். 27-உம் 9-உம் 36. "பன்னிரண்டு கேள்விதானா டீச்சர்?" என்று கேட்டபோது அவன் குரலே மாறியிருந்தது.

பன்னிரண்டு கேள்வி என்றால் மனத்திறன் தாளில் இரண்டு மூன்று வகைகள்தான். எண் தொடர், எழுத்துக் குறியீடு, கண்ணாடி பிம்பம், மறைந்திருக்கும் உருவம், ஒத்த தன்மை என்று வகை வகையாக வரும். எதை முதலில் எடுப்பது என்பதை நான் சொல்வதில்லை; பிள்ளைதான் சொல்ல வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆசிரியர் கொடுத்த இலக்கு ஆசிரியர் அறையை விட்டு வெளியே போனதும் போய்விடும். அவனே எடுத்ததாக இருந்தால் கொஞ்சம் தவறான தேர்வாக இருந்தாலும் அதன் பின்னால் போவான். எனக்குத் தோன்றிய சரியான வரிசை எண் தொடரிலிருந்து தொடங்குவது. அவன் எடுத்தது கண்ணாடியில் கடிகாரம்.

கண்ணாடியில் 4 மணி 20 நிமிடமாகத் தெரிந்தால் உண்மையான நேரம் என்ன என்பது போன்ற கேள்விகள் அவை. வீட்டில் எல்லோரும் போனில்தான் மணி பார்க்கிறார்கள். முள் ஓடும் கடிகாரம் பல வீடுகளில் இல்லை. தலைமை ஆசிரியர் அறையில் இருந்த சுவர்க் கடிகாரத்தைக் கேட்டு வாங்கினான். இன்னொருத்தி முகம் பார்க்கும் கண்ணாடி கொண்டுவந்தாள். கடிகாரத்தின் பின்னால் இருக்கும் திருகை அவன் திருப்ப, அவள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தெரிவதைச் சொல்ல, நோட்டில் இரண்டு பத்தியாக எழுதினார்கள். 4.20-க்கு 7.40. 3.00-க்கு 9.00. 1.10-க்கு 10.50. ஒரு பக்கம் நிறைந்ததும் அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், இரண்டையும் கூட்டினால் எப்போதும் பன்னிரண்டு வருகிறது!" என்று கத்தினான். அதைப் பயிற்சி நூல்களில் '11.60-இலிருந்து கழி' என்று சூத்திரமாகப் போட்டிருப்பார்கள். சூத்திரமாகக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் தான் எடுத்த ஒன்றைத் தானே முடித்துவிட்டோம் என்ற அந்தச் சத்தம் வந்திருக்காது. அடுத்த வாரம் என்ன எடுக்கப் போகிறான் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எண் தொடர் பக்கத்தை ஏற்கெனவே மடித்து வைத்திருந்தான்.

பக்கத்தில் இருக்கும் சிறிய இலக்கு குழந்தையை இழுத்துச் செல்கிறது என்பது என் வகுப்பறையில் மட்டும் நடப்பதில்லை. 1981-இல் ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கழித்தல் கணக்கில் பின்தங்கி, கணக்கு என்றாலே வெறுத்துப்போயிருந்த ஏழு முதல் பத்து வயதுவரையுள்ள குழந்தைகள். எல்லோருக்கும் ஒரே 42 பக்கப் பயிற்சி, ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம் "ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கமாவது முடிக்கப் பார்" என்றார்கள். இன்னொரு குழுவிடம் "ஏழாவது அமர்வுக்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பார்" என்றார்கள். வேறொரு குழுவுக்கு எந்த இலக்கும் இல்லை. ஆறேழு நாற்பத்திரண்டு, வேலை ஒன்றேதான். ஆனால் ஆறு ஆறு பக்கமாக எண்ணிய குழந்தைகள்தான் கழித்தலை நன்றாகக் கற்றார்கள். தங்களால் முடியும் என்ற நம்பிக்கையும் அவர்களுக்குத்தான் கூடியது. பிறகு யாரும் சொல்லாமலேயே கழித்தல் கணக்கை எடுத்துப் போட்டதும் அவர்கள்தான். 42 பக்கத்தைத் தொலைவில் வைத்துப் பார்த்த குழந்தைகளுக்கு அந்த இலக்கால் பெரிதாக எந்தப் பயனும் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் இந்த ஆய்வைச் சொன்னால் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். முழுத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு யாரும் களை எடுப்பதில்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

சிறிய இலக்கை எந்தச் சொற்களில் எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். "கணக்கில் நல்ல மார்க் எடுப்பேன்" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். "கவனமாகப் படிப்பேன்" என்றும் எழுதுவார்கள். எழுதியபடி செய்தார்களா என்று வெள்ளிக்கிழமை யாராலும் சொல்ல முடியாது. "திங்கள் முதல் வியாழன் வரை, இரவுச் சாப்பாட்டுக்கு முன், எண் தொடரில் ஐந்து கணக்கு" என்று எழுதினால் வெள்ளிக்கிழமை தம்பி தங்கைகூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். இன்னொன்றும் முக்கியம். மதிப்பெண் முழுவதும் பிள்ளையின் கையில் இல்லை. வினாத்தாள் கடினமாக வரலாம். மாவட்டத்தில் மற்றவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரவில் ஐந்து கணக்கு போடுவது அவன் கையில் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் கையில் இல்லாத ஒன்றுக்காகத் தன்னையே திட்டிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தாங்குவதில்லை. ஆகவே 36 என்ற எண்ணை நோட்டின் அட்டைக்கு உட்புறம் எழுதச் சொல்வேன். உள்ளே பக்கங்களில் செய்ய வேண்டிய வேலை மட்டும்தான் இருக்கும்.

அந்த நோட்டில் மூன்று பத்திகள். இந்த வாரம் செய்ய நினைத்தது, செய்தது, ஏன். மூன்றாவது பத்தியைத்தான் நான் அதிகம் வாசிக்கிறேன். "தம்பிக்குக் காய்ச்சல்." "கரண்ட் இல்லை." "மூன்றாவது கணக்கு புரியவில்லை, அத்தோடு விட்டுவிட்டேன்." "விளையாடப் போய்விட்டேன்." "மறந்துவிட்டேன்." இவற்றில் எதற்கும் திட்டுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். ஒருமுறை திட்டிவிட்டால் அந்தப் பத்தியில் அப்புறம் உண்மை வராது. வகுப்பு முழுவதற்கும் காய்ச்சல்தான் வரும். உண்மையான காரணம் தெரிந்தால் மருந்து எளிது. புரியவில்லை என்றால் நான் மறுபடி சொல்லித்தர வேண்டும். மறந்துவிட்டேன் என்றால் நேரத்தை ஏதாவது ஒரு பழக்கத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். விளையாடப் போய்விட்டேன் என்றால் அந்த நேரம் தவறு. விளையாட்டு முடிந்து வந்த பிறகு வைத்துக்கொள்ளட்டும். பதின்மூன்று வயதில் விளையாட்டை விடச் சொல்லும் இலக்கை நான் இலக்காகவே கருதமாட்டேன்.

இலக்கைக் குறைப்பது பற்றி ஒரு பெண்ணிடமிருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை. தினமும் பத்துக் கணக்கு என்று எழுதி, தவறாமல் முடித்துக்கொண்டிருந்தாள். முருங்கை பறிப்பு மும்முரமான வாரங்களில் அவள் நோட்டு காலியாகிவிட்டது. அதிகாலையில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு வருகிறாள், மாலையில் மறுபடி காய் கட்டுப் போட வேண்டும். இரண்டு வாரம் பத்து, பத்து என்று எழுதி, 'செய்தது' பத்தியில் பூஜ்யம் போட்டுவைத்திருந்தாள். மூன்றாவது வாரம் நோட்டையே கொண்டுவரவில்லை. குழந்தைகள் இலக்கை விடும்போது பெரும்பாலும் இப்படித்தான் விடுகிறார்கள். நோட்டைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது என்பதுதான் காரணம், சோம்பல் கிடையாது.

"எத்தனை கணக்கு உன்னால் முடியும், சாமி?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து "மூன்று" என்றாள். "அப்படியானால் மூன்று. பறிப்பு முடிகிறவரை." அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, குறைத்துக்கொள்ளலாம் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. பத்தை அழிக்கப் போனாள். அழிக்க வேண்டாம், பக்கத்தில் தேதி போட்டு மூன்று என்று எழுது என்றேன். அதற்குக் கீழே இன்னொரு வரி அவளே சேர்த்தாள்: "பஸ் லேட்டானால் பஸ் ஸ்டாப்பில் இரண்டு." காய் கட்டும் நாட்களில் வீட்டில் நேரம் கிடைக்காது என்று அவளுக்குத்தான் தெரியும். இப்படி நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே சேர்த்து எழுதிவைத்தால் அந்த வேலை நடந்துவிட வாய்ப்பு அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆய்வுகள் மூலம் காட்டியிருக்கிறார். எங்கள் ஊர்ப் பெண் பஸ்ஸுக்குக் காத்திருந்தபடியே அதைக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

பறிப்பு முடிந்தபின் அவள் பத்துக்குத் திரும்பவில்லை. எட்டு என்று எழுதினாள். எட்டு தான் தன்னால் தவறாமல் முடிகிறது என்றாள். தன் அளவு தனக்குத் தெரிந்துவிட்ட பிள்ளை அவள். உதவித்தொகையைவிட அந்தத் தெளிவு அவளுக்கு அதிக நாள் உதவும் என்று நான் நம்புகிறேன்.

சில பிள்ளைகளிடம் இதற்கு நேர்மாறான சிக்கல் இருக்கும். எளிதான இலக்கையே எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வெள்ளியும் "முடித்துவிட்டேன் டீச்சர்" என்று நோட்டை நீட்டுவார்கள். மூன்று வாரம் தொடர்ந்து சிரமமில்லாமல் முடிந்தால் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எவ்வளவு கூட்டுவது என்பதை அவர்களே சொல்ல வேண்டும். ஐந்திலிருந்து ஆறு என்றாலும் சரி. ஆனால் ஆறாவது கணக்கு இதுவரை தொடாத வகையாக இருக்க வேண்டும்.

வகுப்பறைச் சுவரில் அட்டவணை ஒட்டி, முடித்தவர்களுக்கு நட்சத்திரம் ஒட்டும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நட்சத்திரம் வரிசையாக இருக்கும் பிள்ளைக்கு அது தேவைப்படுவதில்லை. கட்டம் காலியாக இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சுவர் தினமும் வலிக்கிறது. அதைவிட, இருவர் இருவராகச் சேர்த்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒருவர் நோட்டை ஒருவர் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். நன்றாகப் படிப்பவரையும் படிக்காதவரையும் சேர்ப்பதில்லை. ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பவர்களைத்தான் சேர்ப்பேன். ஒருவர் ஆசிரியராகிவிட்டால் மற்றவருக்கு நோட்டைக் காட்டக் கூச்சம் வந்துவிடும்.

வேகத்தை எப்போது இலக்காக வைப்பது என்று மற்ற ஆசிரியர்கள் கேட்பதுண்டு. 90 நிமிடத்தில் 90 கேள்வி என்பதால் முதல் நாளிலிருந்தே கடிகாரம் வைத்துப் பழக்கும் மையங்கள் இருக்கின்றன. நான் தை பிறக்கும்வரை கடிகாரத்தை எடுப்பதில்லை. சரியாகப் போடத் தெரிந்த பிறகு வேகம் தானாகக் கூடும். முதலிலேயே வேகத்தைக் கேட்டால் பிள்ளைகள் குருட்டடியைத்தான் வேகமாக அடிப்பார்கள். கடைசி வாரங்களில் தாளை மூன்று சுற்றாக எழுதப் பழக்குகிறேன். முதல் சுற்றில் 'தெ', அடுத்ததில் 'ச', கடைசிப் பத்து நிமிடத்தில் மீதியெல்லாம். எந்தக் கேள்விக்கும் விடைத்தாளில் விடைக்கான வட்டத்தைக் கருமையாக்காமல் விட்டு வரக் கூடாது.

பெற்றோரைப் பற்றிச் சொல்லாமல் இது முழுமையாகாது. முருங்கைக்காரப் பெண்ணின் அம்மா ஒரு நாள் பள்ளிக்கு வந்து, "டீச்சர், இவள் பாஸ் ஆகிவிடுவாளா? உறுதியாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் சாயங்காலமும் என்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றார். அவர் கேட்டதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிள்ளையின் மாலை நேரம் அந்த வீட்டுக்குக் கூலிப் பணம். "உறுதி சொல்ல முடியாது அக்கா. ஆனால் ஆடி மாதம் இவளுக்குத் தெரிந்த கேள்விகள் எத்தனை, இப்போது எத்தனை என்று காட்டுகிறேன்" என்று சொல்லி இரண்டு தாள்களையும் எடுத்து வைத்தேன். அவருக்குக் கேள்விகளை வாசிக்கத் தெரியாது. ஓரத்தில் இருந்த 'தெ' குறிகளை விரலால் எண்ணினார். இரண்டாவது தாளில் எண்ணி முடிக்க வெகுநேரமானது. "சரி, சாயங்காலம் விட்டுவிடுகிறேன்" என்று போய்விட்டார். பக்கத்து டவுனில் ஒரு பயிற்சி மையம் அதே சமயத்தில் வீடு வீடாகப் போய் "உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை நிச்சயம்" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தது. பெற்றோரிடம் நிச்சயம் என்று சொல்வதைவிடப் பிள்ளைக்குச் செய்யும் பெரிய தீங்கு வேறில்லை. நிச்சயம் என்று சொல்லிவிட்டால், கிடைக்காதபோது அது பிள்ளையின் குற்றமாகிவிடும்.

வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியதாக நான் கேட்பது மிகக் குறைவு. தினமும் ஒரு அரை மணி நேரம் டிவி வேண்டாம், அந்த நேரத்தில் கடைக்கு அனுப்ப வேண்டாம். "இன்று எத்தனை போட்டாய்?" என்று கேட்பதைவிட "இன்று எது கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். சித்தப்பா மகன் எத்தனை மார்க் எடுத்தான் என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். இதைச் சொல்லும்போது சில அப்பாக்கள் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வார்கள்.

தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பிள்ளைகளோடு பேசிவிட வேண்டும். முடிவு வந்த நாளில் பேசினால் அது ஆறுதல் வார்த்தையாக மட்டும்தான் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு குகேஷைத் தெரியும். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததிலிருந்து எங்கள் வராந்தாவிலும் சதுரங்கப் பலகை விரிந்துகொண்டிருக்கிறது. அவர் 2019 ஜனவரியில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 12 ஆண்டு, 7 மாதம், 17 நாள். உலகிலேயே இளம் கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனை அப்போது செர்கேய் கர்யாகினிடம் இருந்தது. 12 ஆண்டு, 7 மாதத்தில் ஆனவர் அவர். குகேஷ் 17 நாளில் தவறவிட்டார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். "அந்தப் பதினெட்டாவது நாள் அவர் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்பேன். "மறுபடி விளையாடியிருப்பார் டீச்சர்" என்று ஒரே குரலில் சொல்வார்கள்.

உதவித்தொகை கிடைக்காத பிள்ளைக்கு அடுத்து என்ன இருக்கிறது என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு ஐம்பது மாணவர், ஐம்பது மாணவியரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குப் பிறகு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். எட்டாம் வகுப்பிலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை என்பது பிள்ளைகளுக்கு நிஜமான விவரங்களோடு தெரிய வேண்டும்.

கடிகாரம் திருப்பிய பையனுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. இரண்டு தாளிலும் 36-ஐத் தாண்டியிருந்தான், பட்டியலில் பெயர் வரவில்லை. அழுதான். மறுநாள் அவனுடைய முதல் தாளையும் தேர்வு மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவனையே பேசச் சொன்னேன். "முப்பத்தாறு எடுத்துவிட்டேன் டீச்சர். அடுத்தவர்கள் என்னைவிட அதிகம் எடுத்துவிட்டார்கள்" என்றான். இரண்டையும் அவன் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னதில் எனக்குப் பெரிய நிம்மதி. இப்போது உயர்நிலைப் பள்ளியில் ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கு நோட்டு போட்டிருக்கிறான்.

முருங்கைக்காரப் பெண்ணுக்குக் கிடைத்தது. கிடைத்த பிள்ளைகளோடுதான் நான் இன்னும் அதிக நேரம் உட்காருகிறேன். பட்டியலில் பெயர் வந்தாலே பணம் வந்துவிடாது. வருமானச் சான்றிதழ், பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு எல்லாம் முடிய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பள்ளி மாறும்போது இதைத் தவறவிட்டுப் பணத்தை இழந்த பிள்ளைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுத்தால்தான் பதினோராம் வகுப்பிலும் தொடரும். பட்டியலின, பழங்குடியினப் பிள்ளைகளுக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. ஆகவே எட்டாம் வகுப்பை முடித்துப் போகும்போது அதே மூன்று பத்தி நோட்டில் புதிதாக ஒரு பக்கம் தொடங்கி, புதுப்பிக்க வேண்டிய மாதத்தையும் புதிய பள்ளியில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் முதல் வரியாக எழுதச் சொல்கிறேன். அட்டைக்கு உட்புறம் 36-க்குக் கீழே 60 என்று எழுதிக்கொண்டு போகிறார்கள்.